பிறந்ததும் குழந்தை அழுததா? - ஒரு கேள்வியின் வரலாறு

செரிப்ரல் பால்ஸி இருக்கற குழந்தையைத் தூக்கிக்கிட்டு எந்த டாக்டர்கிட்ட போனாலும், பேரு வயசு எழுதி முடிச்சதும் அடுத்து வர்ற கேள்வி அநேகமா இதுவாத்தான் இருக்கும்: "பிறந்ததும் குழந்தை அழுததா?"

டாக்டருக்கு அது தேவையான தகவல். ஆனா பக்கத்துல உட்கார்ந்திருக்கற அம்மாவுக்கு அது தகவலா கேக்கறதில்ல, குற்றச்சாட்டாத்தான் கேக்கும். அதுவும் வீட்டுல பிரசவம் ஆனவங்கன்னா கேக்கவே வேணாம். "ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இப்படி ஆயிருக்குமா?"ங்கற கேள்வியை அவங்க ஏற்கனவே ஆயிரம் தடவை தனக்குத்தானே கேட்டு முடிச்சிருப்பாங்க.

இந்தக் கேள்விக்கு ஒரு பிறந்த தேதி இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது. ஏன் இதையெல்லாம் தோண்டினேன்னு பின்னாடி சொல்றேன். முதல்ல கதைக்கு வருவோம்.

1861, அக்டோபர் 2. லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கக் கூட்டம். கட்டுரை வாசிக்க எழுந்தவர் வில்லியம் ஜான் லிட்டில். இவர் பிரசவ டாக்டர் இல்லை, எலும்பு டாக்டர். சின்ன வயசுல போலியோ வந்து பாதம் வளைஞ்சு போனவர். உள்ளூர்ல வழி கிடைக்காம, ஜெர்மனி போய் 1836ல ஸ்ட்ரோமையர்ங்கறவர்கிட்ட குதிகால் தசைநாணை வெட்டி நிமிர்த்தற ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, அதையே தொழிலாக் கத்துக்கிட்டு லண்டன் திரும்பினார். அதனால கை கால் விறைச்ச குழந்தைங்க அவர்கிட்ட வரிசையா வந்தாங்க.

வந்த ஒவ்வொரு குழந்தையோட அம்மாகிட்டயும் பிரசவம் எப்படி நடந்ததுன்னு விசாரிச்சார். குறைமாசம், வலி ரொம்ப நேரம் நீண்டது, கால் முன்னாடி வந்தது, பிறந்ததும் மூச்சு விடலை... திரும்பத் திரும்ப இதே பதில். அப்படி 47 குழந்தைகளோட விவரங்களைச் சேர்த்து, "கஷ்டமான பிரசவமும் பிறந்தவுடன் மூச்சுத் திணறலும்தான் இந்த முடக்கத்துக்குக் காரணம்"னு அன்னிக்குச் சொன்னார். தனக்கு முன்னாடி யாராவது இதைச் சொல்லியிருக்காங்களான்னு தேடி, கடைசியில ஷேக்ஸ்பியரோட மூன்றாம் ரிச்சர்டைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்! அந்த நாடகத்துல ராஜா தன்னைப் பத்திச் சொல்லிக்கறது, குறைமாசத்துல அரைகுறையாப் பிறந்து உடம்பு கோணினவன்னு.

அந்த நோய்க்கே 'லிட்டில் நோய்'னு பேர் வந்துடுச்சு. ஒண்ணு கவனிங்க. அன்னிக்கு இங்கிலாந்துல பெரும்பாலான பிரசவம் வீட்டுலதான். லேடி வீடா இருந்தாலும் லேபர் வீடா இருந்தாலும் வீட்டுலதான். அதனால லிட்டில் 'வீட்டுப் பிரசவம் தப்பு'ன்னு சொல்லலை, அம்மாக்களையும் குறை சொல்லலை. இன்னொரு விஷயத்தையும் நேர்மையா எழுதியிருந்தார். மூச்சில்லாமப் பிறந்து காப்பாத்தப்பட்ட குழந்தைகள்ல பெரும்பாலானவங்க எந்தப் பாதிப்பும் இல்லாம நல்லபடியா வளர்ந்துடறாங்கன்னு. இந்த ஒரு வரியை மட்டும் உலகம் வசதியா மறந்துபோச்சு.

இப்போ நம்ம தொழில் பக்கம் கொஞ்சம் வருவோம் (பொட்டி தட்டறவன் வேற எங்க போவான் :-)). லிட்டில் பண்ணினது பின்னாலிருந்து முன்னால போற விசாரணை. முடங்கின குழந்தையை முதல்ல எடுத்துக்கிட்டு, அப்புறம் பிரசவத்தைப் பத்திக் கேட்டார். கஷ்டப்பட்டுப் பிறந்து, ஆனா நல்லா ஓடி ஆடி விளையாடற குழந்தையோட அம்மா ஒரு எலும்பு டாக்டர்கிட்ட ஏன் வரப்போறா? அவ கணக்குலயே வரமாட்டா. க்ராஷ் ஆன சர்வரோட லாகை மட்டும் படிச்சிட்டு, அதுல இருக்கற எச்சரிக்கை எல்லாமே க்ராஷுக்குக் காரணம்னு முடிவு கட்டற மாதிரி. அதே எச்சரிக்கை நல்லா ஓடற 100 சர்வர்லயும் இருக்குமே, அதை யாரு பார்த்தா?

லிட்டிலுக்கு மறுப்பு எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. நம்மாளு ஃப்ராய்டு! ஆமா, கனவு, ஆழ்மனம்னு பின்னாடி உலகத்தையே கலக்கின அதே சிக்மண்ட் ஃப்ராய்டுதான். அதுக்கு முன்னாடி அவர் ஒரு நரம்பியல் டாக்டர். 1886ல இருந்து வியன்னாவுல காஸோவிட்ஸ் நடத்தின குழந்தைகள் மருத்துவ நிலையத்துல நரம்பியல் பிரிவைப் பார்த்துக்கிட்டார். 1891ல ஆஸ்கர் ரீயோட சேர்ந்து, உடம்போட ஒரு பக்கம் மட்டும் முடங்கின குழந்தைகளைப் பத்தி ஒரு நூல். 1897ல செரிப்ரல் பால்ஸி முழுசையும் பத்தி முன்னூத்திச் சொச்சம் பக்கத்துல இன்னொரு தடிமனான நூல். அவருக்கே இந்த வேலை போரடிச்சிருந்ததுன்னு நண்பர் ஃப்ளீஸுக்கு எழுதின கடிதங்கள்ல தெரியுது. போரடிச்சாலும் கண்ணு கூர்மையாத்தான் இருந்திருக்கு.

அவர் கவனிச்சது ரெண்டு. ஒண்ணு, கஷ்டமான பிரசவத்துல பிறந்த நிறைய குழந்தைங்க நல்லா இருக்காங்க. ரெண்டு, சுகப்பிரசவத்துல பிறந்த குழந்தைங்களுக்கும் இதே முடக்கம் வருது. அப்போ கஷ்டமான பிரசவம் காரணம்தானா? இல்ல, கருவிலேயே ஏதோ ஒண்ணு நடந்து முடிஞ்சு, அதோட விளைவாத்தான் பிரசவமும் கஷ்டமாச்சா? சில குழந்தைகள்ல கஷ்டமான பிரசவம்ங்கறது நோய்க்குக் காரணமா இல்லாம, நோயோட அறிகுறியா இருக்கலாம்னு எழுதினார்.

இன்னொரு தடவை படிங்க. பிரசவத்தால குழந்தைக்குச் சிக்கல் வரலை, குழந்தைக்கு முன்னமே இருந்த சிக்கலாலதான் பிரசவம் சிக்கலாச்சு. கம்பு ஒண்ணுதான், அதோட ரெண்டு முனையையும் மாத்திப் பிடிச்சிட்டார் மனுஷன்.

எர்ரர் எந்த வரியில கத்துதோ அந்த வரியிலதான் தப்பு இருக்கும்னு நம்பறது வேலைக்குப் புதுசா சேர்ந்த பையன். 10 வருஷம் ஆனவனுக்குத் தெரியும், தப்பு எங்கேயோ மேல நடந்து முடிஞ்சிருக்கும், இங்க வந்துதான் வெடிக்கும்னு. பிரசவம்ங்கறது 9 மாசம் கண்ணுக்குத் தெரியாம நடந்த விஷயம் முதன்முதலா வெளிச்சத்துக்கு வர்ற நேரம். அதனால எல்லாப் பழியும் அது தலையில விழுந்துடுது.

ஃப்ராய்டு சொன்னதை யாரும் கேக்கலை. லிட்டில் சொன்னது எளிமையா இருந்தது: மூச்சு நின்னுது, மூளை போச்சு. எளிமையான கதைதான் நிக்கும். கிட்டத்தட்ட 80, 90 வருஷம் அது அப்படியே நின்னுது.

1950கள்ல இருந்து கருவுல இருக்கற குழந்தையோட இதயத்துடிப்பைத் தொடர்ந்து கேக்கற மெஷினுக்கான வேலை ஆரம்பிச்சு, 1960களோட கடைசியில விற்பனைக்கே வந்தது. எல்லாரும் எதிர்பார்த்தது என்ன? 'மூச்சு திணறுதுன்னு முன்கூட்டியே கண்டுபிடிச்சிடலாம், உடனே வயித்தைக் கிழிச்சு எடுத்துடலாம், செரிப்ரல் பால்ஸியே இல்லாமப் போயிடும்'. நியாயமான எதிர்பார்ப்புதான். அமெரிக்காவுல 1970ல சுமார் 5 சதவீதமா இருந்த சிசேரியன், 1980களோட கடைசியில சுமார் 25 சதவீதத்துக்குப் போச்சு. (இதுக்கு மெஷின் மட்டுமே காரணம் இல்லை, ஆனா அதுக்கும் பெரிய பங்கு உண்டு.) செரிப்ரல் பால்ஸி? பணக்கார நாடுகள்ல 1000 பிறப்புக்கு ஏறத்தாழ 2ங்கற அளவுலயே அசையாம நின்னுது. சமீப காலத்துலதான் சில நாடுகள்ல கொஞ்சம் குறைய ஆரம்பிச்சிருக்கு.

டப்ளின்ல சுமார் 13,000 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடற மாதிரி ரெண்டா பிரிச்சாங்க. ஒரு பாதிக்கு மெஷின், இன்னொரு பாதிக்கு அப்பப்போ காது வச்சுக் கேக்கற பழைய முறை. 1985ல முடிவு வந்தது. மெஷின் பக்கம் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு குறைஞ்சிருந்தது, அது உண்மை. ஆனா 4 வயசுல திரும்பப் பார்த்தப்போ, செரிப்ரல் பால்ஸி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம்.

அமெரிக்காவுலயே இன்னொரு பிரம்மாண்டமான வேலை 1959ல தொடங்கியிருந்தது. 12 ஆஸ்பத்திரிகள், 50,000க்கும் மேற்பட்ட கர்ப்பங்கள். லிட்டில் மாதிரி பின்னாலிருந்து இல்ல, முன்னாலிருந்து. குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சு, பிறந்ததுக்கப்புறம் 7 வயசு வரைக்கும் பின்தொடர்ந்தாங்க. அந்தத் தகவலை வச்சு கரின் நெல்சன், ஜோனஸ் எல்லன்பர்க்னு ரெண்டு பேர் 1981லயும் 1986லயும் எழுதின கட்டுரைகள்தான் லிட்டிலோட கோட்டையை உடைச்சது.

அவங்க கண்டுபிடிச்சதுல சிலது:

பிறந்து 10 நிமிஷம் அல்லது அதுக்கு மேலயும் அப்கார் மதிப்பெண் 3ஐத் தாண்டாம இருந்து, உயிர் பிழைச்ச குழந்தைகள்ல 80 சதவீதம் பேருக்குப் பள்ளிக்கூட வயசுல பெரிய ஊனம் எதுவும் இல்லை.

செரிப்ரல் பால்ஸி வந்த குழந்தைகள்ல பாதிக்கும் மேல, பிறந்த முதல் நிமிஷத்துலயே 7 அல்லது அதுக்கு மேல மதிப்பெண் எடுத்தவங்க. அதாவது பிறக்கும்போது 'நல்லா இருந்த' குழந்தைங்க.

செரிப்ரல் பால்ஸி வந்த குழந்தைகள்ல மூச்சுத் திணறலோட அடையாளம் ஏதாவது ஒண்ணாவது இருந்தது 21 சதவீதத்துக்குத்தான். அந்த 21லயும் பாதிக்கு மேல பிறவிக் குறைபாடு, ரொம்பக் குறைஞ்ச எடைன்னு வேற காரணமும் இருந்தது.

என்னை நிமிர்ந்து உட்கார வச்சது நாலாவது. தலை திரும்பாம இருந்த குழந்தைகளுக்கு செரிப்ரல் பால்ஸி வர்ற வாய்ப்பு அதிகம். ஆனா கால் பக்கமாப் பிறந்ததால அந்த வாய்ப்பு கூடலை. கால் பக்கமா வந்ததால மூளை கெடலை, குழந்தை தலை திரும்பாததுக்கே உள்ள ஏதோ காரணம் இருந்திருக்கு. 1897ல ஃப்ராய்டு எழுதினது 1986ல எண்ணோட வந்து நின்னுது.

சரி, இதை ஏன் தோண்டினேன்னு சொல்றேன்னேன் இல்லையா?

எங்க பெரியம்மா. 1984 ஐப்பசி, அடைமழை. முந்தின நாள் ராத்திரியே வலி கண்டிருக்கு. ஆத்துல தண்ணி, தரைப்பாலம் முழுகிப்போச்சு, டவுனுக்கு வண்டி போகாது. ஊர் மருத்துவச்சிதான் பார்த்தாங்க. பனிக்குடம் உடைஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு, மறுநாள் சாயந்திரம் அண்ணன் பிறந்தான். கொடி சுத்தியிருந்தது. உடனே அழலை. மருத்துவச்சி முதுகைத் தேய்ச்சு, காலைத் தட்டி, மூஞ்சியில தண்ணி தெளிச்சு, "வெத்தலை போட்டுத் துப்பற நேரம்" கழிச்சுத்தான் அழுதானாம். கொடி சுத்திப் பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாதுன்னு ஒரு பக்கம் ஊர் பேச, மாமா எண்ணெய்க் கிண்ணத்துல முகம் பார்த்த பிறகுதான் குழந்தையை நேர்ல பார்த்தாராம். ஒரு வயசு ஆகும்போதுதான் தெரிஞ்சிருக்கு, வலது கை எப்பவும் மூடியே இருக்கு, வலது கால் இழுக்குதுன்னு. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. அங்க டாக்டர் கேட்ட கேள்வி உங்களுக்கே தெரியும். பதிலைக் கேட்டுட்டு, "வீட்டுல பெத்துக்கிட்டா இப்படித்தான்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கார்.

அந்த ஒரு வார்த்தையைப் பெரியம்மா 40 வருஷமா இடுப்புல முடிஞ்சு வச்சிருக்காங்க. அண்ணன் இப்போ ஜெராக்ஸ் கடை வச்சிருக்கான், இடது கையாலேயே எல்லா வேலையும், கல்யாணம் ஆகி ரெண்டு பொண்ணுங்க. ஆனாலும் ஐப்பசியில மழை பிடிச்சா பெரியம்மா ஆரம்பிச்சிடுவாங்க. "முந்தின நாளே கிளம்பியிருக்கணும்டா தம்பி. நான்தான் விடிஞ்சு பார்த்துக்கலாம்னுட்டேன்."

போன வருஷம் அவங்களுக்காகத்தான் இதையெல்லாம் படிச்சேன். 'கவலைப்படாதீங்க'ன்னு சொன்னா அவங்க நம்பமாட்டாங்க. எல்லாரும் அதைத்தான் 40 வருஷமாச் சொல்றாங்க. அதனால நான் வேற மாதிரி கேட்டேன்.

1999லயும் 2003லயும் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து சில அளவுகோல்களை வகுத்தாங்க. ஒரு குழந்தையோட முடக்கம் பிரசவ நேர மூச்சுத் திணறலால வந்ததுன்னு சொல்லணும்னா என்னென்ன இருக்கணும்னு. அதுல முக்கியமான ஒண்ணு: மூளையைப் பாதிக்கற அளவுக்கு மூச்சுத் திணறல் இருந்திருந்தா, பிறந்த முதல் சில நாள்லயே குழந்தை சீக்கா இருக்கும். துவண்டு கிடக்கும், பால் உறிஞ்சாது, வலிப்பு வரலாம். இன்னொண்ணு: அப்படி வர்ற முடக்கம் பொதுவா நாலு கை காலையும் பிடிக்கும், இல்லேன்னா கட்டுப்பாடில்லாத அசைவா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் முடங்கறது பெரும்பாலும் அதனால இல்லை. மாசம் நிறைஞ்சு பிறந்த குழந்தைகள்ல ஒரு பக்க முடக்கத்துக்கு முக்கியக் காரணம், பிறக்கறதுக்கு முன்னாடியோ பிறக்கற சமயத்துலயோ மூளை ரத்தக்குழாய்ல ஏற்படற அடைப்பு. நம்ம தாத்தாவுக்கு வர்ற பக்கவாதம் மாதிரிதான், ஆனா கருவுக்கு.

"பெரியம்மா, அண்ணன் பிறந்த மறுநாள் எப்படி இருந்தான்?"

"எப்படி இருந்தான்னா? நல்லாத்தான் பால் குடிச்சான். ராத்திரியெல்லாம் என்னைத் தூங்க விடலையே, அப்படி ஒரு கத்தல்."

"வலிப்பு கிலிப்பு?"

"சீச்சீ, அதெல்லாம் இல்லடா."

அப்புறம் மெதுவா விளக்கினேன். மறுநாளே கத்திக் கத்திப் பால் குடிச்ச குழந்தை, வலது பக்கம் மட்டும் இழுக்குது. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா, அந்த 'வெத்தலை போட்டுத் துப்பற நேரம்' காரணமா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. அடைப்பு ஏற்பட்டிருந்தா அது நாம யாரும் பார்க்க முடியாத இடத்துல, யாருக்கும் தெரியாத நேரத்துல நடந்திருக்கும். பாலம் முழுகாம இருந்து, நீங்க டவுன் ஆஸ்பத்திரிக்கே போயிருந்தாலும், 1984ல அதைக் கண்டுபிடிக்கற வழி அங்கயும் கிடையாதுன்னு.

இதுல பூசி மெழுகக் கூடாத ஒரு விஷயம் இருக்கு. பிரசவத்துல மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்படறதுங்கறது கட்டுக்கதை இல்லை, நிஜமாவே நடக்குது. நம்ம மாதிரி நாடுகள்ல பணக்கார நாடுகளை விட அதிகமாவே நடக்குது. 2005ல இருந்து வந்த அமெரிக்க, ஐரோப்பிய ஆராய்ச்சிகள் அப்படிப்பட்ட குழந்தையை 72 மணி நேரம் குளிர்விச்சு வச்சா பாதிப்பு குறையுதுன்னு காட்டினது. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்கதேசத்துல 408 குழந்தைகள்கிட்ட பரிசோதிச்சு 2021ல முடிவு வெளியாச்சு. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதுல உண்டு. குளிர்விச்ச குழந்தைகள்ல 42 சதவீதம் இறந்துபோனாங்க, குளிர்விக்காத பக்கம் 31 சதவீதம். ஏன் இங்க மட்டும் தலைகீழா ஆச்சு? ஸ்கேன் படங்களை வச்சு ஆராய்ச்சியாளர்கள் சொல்ற ஒரு விளக்கம், இங்க நிறைய குழந்தைகளுக்குப் பாதிப்பு பிறக்கற அந்தச் சில நிமிஷத்துல ஏற்படாம, அதுக்கு முன்னாடி இருந்தே விட்டு விட்டு நடந்துக்கிட்டு இருந்திருக்கலாம்னு. எழும்பூர்ல நம்ம குழந்தைகள் படுத்திருந்த தொட்டில் வரைக்கும் வந்திருக்கு ஃப்ராய்டோட கேள்வி.

அதே மாதிரி, வீட்டுலயே பெத்துக்கலாம், ஆஸ்பத்திரி வேண்டாம்னு இதைப் படிச்சிட்டு யாரும் கிளம்பிடாதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற ரத்தப்போக்குக்கு வீட்டுல பதில் கிடையாது. மூச்சு விடாத குழந்தைக்கு மாஸ்க் வச்சுக் காத்து ஊதத் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருக்கறது உயிர் விஷயம். 1992-93 கணக்கெடுப்புல இந்தியாவுல கால்வாசிப் பிரசவம்தான் ஆஸ்பத்திரியில நடந்தது, 2019-21ல அது சுமார் 89 சதவீதம், தமிழ்நாட்டுல 99க்கும் மேல. இது பெரிய சாதனை. ஆனா அன்னிக்கு நாட்டுல முக்கால்வாசிப் பேர் செஞ்சதைச் செஞ்ச ஒரு பொண்ணை, இன்னிக்கு இருக்கற வசதியை வச்சுக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தறது என்ன நியாயம்?

நான் சொன்னதைப் பெரியம்மா முழுசா ஏத்துக்கிட்டாங்களான்னு தெரியலை. ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. "அந்த டாக்டர் மறுநாள் பால் குடிச்சானான்னு கேக்கவே இல்லடா"ன்னாங்க. உள்ளே கணக்குப் பார்த்துக்கிட்டிருந்த அண்ணன்தான், "அம்மா, நான் நல்லாத்தான இருக்கேன், நீ ஏன் 40 வருஷமா எனக்குத் துக்கம் கொண்டாடறே?"ன்னான். என்னோட புள்ளிவிவரத்தை விட அவன் கேட்டதுதான் அவங்களுக்கு நல்லா உறைச்சதுன்னு நினைக்கறேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு அம்மா, பெரியம்மா, அத்தை இருக்கலாம். அவங்ககிட்ட 'விதி'ன்னோ 'விடு'ன்னோ சொல்லாம, மறுநாள் குழந்தை எப்படி இருந்ததுன்னு கேட்டுப் பாருங்க. அவங்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் ஞாபகம் இருக்கும். 'அழுததா?'ங்கற ஒரே கேள்வியோட நிறுத்திட்டதால, அந்த மிச்சக் கதையை யாரும் இதுவரைக்கும் அவங்ககிட்ட கேட்டிருக்க மாட்டாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். உங்க குழந்தைக்கு என்ன காரணம்ங்கறதை நரம்பியல் டாக்டர்தான் ஸ்கேன் பார்த்துச் சொல்லணும். மஞ்சள்காமாலை, கருவிலேயே கிருமித்தொற்று, மரபணுன்னு காரணங்களோட பட்டியல் பெருசு. அதைப் பத்தி வேணும்னா இன்னொரு பதிவுல.